சமாதானக் கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்

கூடலூர் பக்கத்து ஓவேலியைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால் அது யானையைப் பற்றியதாக இருக்கும். இல்லையென்றால் பிரிவு 17 நிலத்தைப் பற்றியதாக இருக்கும். 2025 செப்டம்பரில் 'ராதாகிருஷ்ணன்' என்று பெயர் வாங்கிய ஆண் யானையை வனத்துறை பிடித்தபோது ஒரு வாரம் எங்கள் பள்ளத்தாக்கு தொலைக்காட்சியில் இருந்தது. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிக்கொண்டு, பட்டாவும் இல்லாமல், பல வீடுகளுக்கு மின் இணைப்பும் இல்லாமல் இருக்கும் சங்கதி எப்போதாவது சட்டமன்றத்தில் எழும், அடங்கும். மற்றபடி எங்களைப் பற்றி எழுத வெளியாட்களுக்கு விஷயம் இல்லை. அப்படியே எழுதினாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இங்கே எல்லா மதத்தவரும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்.

வரியில் பொய் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவுக்டர்லோனி என்ற வெள்ளைக்காரர் காப்பி போட வந்த பள்ளத்தாக்கு இது. ஊர்ப் பெயரே அவர் பெயரின் முதல் எழுத்திலிருந்து வந்ததுதான். அவருக்கு முன்பே பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் இங்கே இருந்தார்கள். பின்னால் நாடுகாணி வழியாக நிலம்பூர்ப் பக்கத்து மாப்பிளை முஸ்லிம்கள் வந்தார்கள். மரவள்ளியும் மிளகும் போட்ட சிரியன் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் சிலோன்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லமலை, பெரியசோலை, சுண்டி, ஆரோட்டுப்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் சிலுவையும் கண்ணில் படும். யானை ஆளை அடித்துப் போட்டால் சாலையில் உட்காரும் கூட்டத்தில் எல்லாரும் இருப்பார்கள். பட்டா கேட்கும் மனுவில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கும். மாப்பிளைக் காக்காவின் கடையில் தமிழ்த் தினசரியும் மலையாளத் தினசரியும் ஒரே பெஞ்சில் கிடக்கும். பால் கணக்கும் கடன் கணக்கும் மதம் பார்த்து எழுதப்படுவதில்லை.

எனக்கு இந்த ஒற்றுமையின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. இது யாருக்கும் யாருக்கும் இடையில் இருக்கும் ஒற்றுமை? பள்ளிவாசல் மஹல்லுக்கும் கோயில் கமிட்டிக்கும் தேவாலயப் பங்குச் சபைக்கும் இடையில் இருப்பது. மூன்று பெரியவர்கள் கைகுலுக்கிக்கொள்ளும் படம் அது. அந்தப் படத்தில் மஹல்லுக்குள்ளேயே இருந்துகொண்டு கேள்வி கேட்கிற பையன் இல்லை. கோயிலுக்கு வரி கட்ட மறுக்கிற கறுப்புச் சட்டைக்காரர் இல்லை. மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போய்விட்ட பெண் இல்லை. நாம் பேசும் சகிப்புத்தன்மை இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்வது. கூட்டத்தைவிட்டுத் தனியே நிற்கும் ஆளைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு வரவில்லை. மத உணர்வு புண்பட்டதாகச் சொல்லப்படும் சண்டைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அடி விழுவது பெரும்பாலும் இந்தத் தனி ஆளின் மேல்தான்.

உக்கடத்தில் ஓர் இரவு

கூடலூர்க்காரர்களுக்குக் கோவை என்றால் பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, மலிவு ஜவுளி. அதே கோவையில் 2017 மார்ச் 16 இரவு பாரூக் என்ற 31 வயதுக்காரர் கொல்லப்பட்டார். பழைய இரும்பு வியாபாரி. இரண்டு குழந்தைகளின் தகப்பன். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து திராவிடர் விடுதலைக் கழகத்தில் சேர்ந்து கடவுள் மறுப்புப் பேசியவர். தன் குழந்தை கையில் 'கடவுள் இல்லை' என்று எழுதிய அட்டையைக் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் மத விமர்சனக் குழு ஒன்றும் நடத்திவந்தார். இரவு ஒரு போன் வந்தது; வண்டியை எடுத்துக்கொண்டு போனார்; உக்கடம் பக்கத்தில் வழிமறித்துக் குத்திக் கொன்றார்கள். கைதானவர்கள் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் இல்லை. அதே நகரத்து முஸ்லிம் இளைஞர்கள்.

இந்தக் கொலைக்கு இரு பக்கத்திலும் வந்த எதிர்வினையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வழக்கமாக முஸ்லிம்களைத் திட்டுகிறவர்களுக்குப் பாரூக் உதவவில்லை. அவர் பெரியார் இயக்கத்துக்காரர், பிள்ளையாரையும் விட்டுவைக்காதவர். அவருக்காகக் கண்ணீர் விட்டால் அடுத்த நாள் தங்கள் கடவுளைப் பற்றி அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். சிறுபான்மையினருக்காக எப்போதும் குரல் கொடுப்பவர்களில் பலருக்கோ, இதைப் பெரிதாக்கினால் எதிரிக்குத் தீனி ஆகிவிடுமோ என்ற தயக்கம். 1997 நவம்பரில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொலை, அதைத் தொடர்ந்து 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டது, 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தது என்று அந்த நகரத்துக்கு ஆறாத ரணம் உண்டு. தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுத்தது பாரூக்கின் குடும்பம். நம்பிக்கையுள்ள முஸ்லிமான அவருடைய தந்தை, மகன் இருந்த இயக்கத்திலேயே நானும் சேரப்போகிறேன் என்று அறிவித்தார். தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் யாரும் சொன்னதைவிட நேரான வார்த்தை அதுதான் என்பது என் எண்ணம்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இதே கதை. தொடுபுழா நியூமேன் கல்லூரியின் மலையாளப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப், 2010 மார்ச்சில் ஒரு தேர்வுக்கான கேள்வித்தாளில் பைத்தியக்காரன் ஒருவன் கடவுளோடு பேசும் பகுதியைக் கொடுத்து, அந்தப் பைத்தியக்காரனுக்கு முகமது என்று பெயர் வைத்தார். நபிகளைக் கேவலப்படுத்திவிட்டார் என்று புகார் கிளம்பியது. ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, மூவாற்றுப்புழாவில் தேவாலயத்தில் பூசை முடிந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தவரை காரை மறித்து வெளியே இழுத்து வலது கையை மணிக்கட்டுக்கு மேல் வெட்டி எறிந்தார்கள்.

இது எல்லாருக்கும் தெரிந்த பாதி. மீதிப் பாதி இன்னும் கசப்பானது. அவரை வேலையைவிட்டு நீக்கியது திருச்சபையின் நிர்வாகத்தில் இருந்த அதே கல்லூரி. மத உணர்வைப் புண்படுத்தினார் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணமும். கை வெட்டப்பட்டு மருத்துவமனையில் கிடந்தவருக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் முஸ்லிம் இளைஞர் அமைப்பினர் இருந்தார்கள். சம்பளத்தை நிறுத்தியவர்கள் அவருடைய சொந்தச் சபைக்காரர்கள். 2013இல் நீதிமன்றம் அவர் மேல் குற்றமில்லை என்றது. அதற்குப் பிறகும் வேலை கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் மனைவி தற்கொலை செய்துகொண்டார். ஊரே திட்டிய பிறகு, ஓய்வு பெற மூன்று நாள் இருக்கும்போது கல்லூரி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவரை நீக்கியபோது, கிறிஸ்தவ - முஸ்லிம் உறவு கெட்டுவிடக் கூடாது என்று கல்லூரி நிர்வாகம் சொல்லிக்கொண்டது. உறவு கெடாமல் இருக்க ஒரு குடும்பம் பட்டினி கிடந்தது.

மேசையைச் சுற்றி

நம் ஊர்களில் மதத் தகராறு என்றால் முதலில் நடப்பது அமைதிப் பேச்சுவார்த்தை. எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ நடுவில். பக்கத்தில் டிஎஸ்பி. ஒரு பக்கம் ஜமாஅத், மறுபக்கம் கோயில் கமிட்டி, ஓரத்தில் கட்சிக்காரர்கள். தட்டில் பிஸ்கட், காகிதக் கோப்பையில் டீ. ஒரு மணி நேரம் சத்தம். பிறகு எழுத்தர் தீர்மானத்தை வாசிப்பார். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, ஒலிபெருக்கி எத்தனை மணிவரை என்பதற்கெல்லாம் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். 1882இல் சேலத்தில் பள்ளிவாசல் முன்னால் மேளம் வாசிப்பதில் ஏற்பட்ட தகராறு பெருங்கலவரமாகி, காங்கிரஸ் தலைவராகப் பின்னாளில் விளங்கிய விஜயராகவாச்சாரியாரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து நேரத்தையும் வழியையும் பிரித்துக்கொள்வதைவிட வேறு புத்திசாலித்தனம் கிடையாது.

ஒரு நாவல், ஒரு படம், ஒரு முகநூல் பதிவு என்று வரும்போது அதே மேசை வேறு மாதிரி வேலை செய்கிறது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்ததும் அமைதிப் பேச்சுவார்த்தைதான். 'மாதொருபாகன்' நாவல் வெளியாகி நான்கு ஆண்டுகள் ஆன பிறகு திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பைத் தணிக்கப் பெருமாள்முருகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கிறேன், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி வாங்கினார்கள். அவர் எழுத்தாளனாகச் செத்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும்வரை ஒன்றரை ஆண்டு. அங்கே முஸ்லிம்கள் யாரும் இல்லை, நடந்தது இந்துக்களுக்குள். முறை ஒன்றுதான்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் 'விஸ்வரூபம்'. தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய படத்தை 2013 ஜனவரியில் 31 மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டு நிறுத்தினார்கள். 524 திரையரங்குகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கப் போலீஸ் போதாது என்றார் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. கமல்ஹாசனும் முஸ்லிம் அமைப்புகளும் அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்து ஏழு இடங்களில் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7 படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தேன். முஸ்லிம்களுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை; தாடியும் தொழுகையும் வந்தாலே அடுத்துத் துப்பாக்கி வரும் என்ற தமிழ் சினிமாவின் சோம்பேறிப் பழக்கத்துக்கு அந்தப் படமும் விலக்கில்லை. விமர்சிக்க, புறக்கணிக்க, திரையரங்கு வாசலில் கொடி பிடிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. படம் ஓடக் கூடாது என்று அரசே சொல்ல அரசுக்கு உரிமை இல்லை.

இதை நான் சொல்லவில்லை; உச்ச நீதிமன்றம் 1989 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை வைத்து. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிராகக் கலவரம் வரும் என்று அரசு வாதாடியபோது, ஆர்ப்பாட்ட மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை முடக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்பதை அரசு ஒரு காரணமாகச் சொல்லவே கூடாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் பிஸ்கட் தட்டோடு வேறொரு சட்டம் நடக்கிறது.

சட்டம் யாரைக் காப்பாற்றியது?

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு 1927இல் வந்தது. லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் நபிகளின் குடும்ப வாழ்க்கையைக் கேலி செய்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அன்றைய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. முஸ்லிம்கள் கொதித்தார்கள், புதிய பிரிவு பிறந்தது. மசோதாவை ஆராய்ந்த குழுவில் இருந்த ஜின்னா, உண்மையான வரலாற்று ஆராய்ச்சியும் நேர்மையான மத விமர்சனமும் இதில் சிக்கிவிடக் கூடாது என்று அப்போதே எச்சரித்தார். ராஜ்பாலைச் சட்டமும் காப்பாற்றவில்லை: 1929 ஏப்ரலில் ஓர் இளைஞன் அவரைக் குத்திக் கொன்றான். அவனும் அதே ஆண்டு தூக்கில் தொங்கினான். சட்டம் வந்தால் கோபம் சட்டத்துக்குள் அடங்கும் என்ற கணக்கு முதல் இரண்டு ஆண்டிலேயே பொய்த்தது.

1957இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லும் என்றபோது, வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்யப்படும் அவமதிப்புக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வேலி போட்டது. பெரியார் 1953இல் திருச்சியில் பிள்ளையார் சிலையை உடைத்த வழக்கு 1958இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டன என்று கண்டித்தாலும், இவ்வளவு காலம் கழித்து விசாரணையைக் கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நிதானம் இன்று அபூர்வம். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் 295ஏ பிரிவின் எண் 299 ஆகியிருக்கிறது. வேலியைக் காவல் நிலையத்தில் யாரும் பார்ப்பதில்லை. புகார் வந்ததா, கூட்டம் வாசலில் நிற்கிறதா, பிரிவைப் போடு, உள்ளே தள்ளு. ஜாமீன் கிடைப்பதற்குள் தண்டனை முடிந்துவிடும்.

இங்கே முஸ்லிம் வாசகர் ஒருவர் கேட்பார், கேட்கவும் வேண்டும்: கருத்துச் சுதந்திரம் என்ற பாடத்தை ஏன் எப்போதும் எங்களுக்கே நடத்துகிறீர்கள்? நியாயமான கேள்வி. 2021 ஜனவரி 31 அன்று எங்கள் மலையின் அடிவாரமான மேட்டுப்பாளையத்தில் பாஜக நிர்வாகி ஒருவர் நபிகளைப் பற்றிப் பேசிக் கைதானார். அது ஆராய்ச்சியும் இல்லை, பகுத்தறிவும் இல்லை. பக்கத்துத் தெருக்காரனைச் சீண்டி, அவன் கல்லெடுத்தால் ஓட்டாக்கலாம் என்ற பேச்சு. முஸ்லிம் கடையில் வாங்காதே, முஸ்லிமுக்கு வீடு கொடுக்காதே என்று பேசுகிறவர்கள் மேல் வழக்குப் பதிய நீதிமன்றமே தலையிட வேண்டியிருக்கிறது. புகார் வராவிட்டாலும் வெறுப்புப் பேச்சின் மேல் தாங்களாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் மூன்று மாநிலக் காவல் துறைக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை இடத்தில் நடந்தது?

அதனால்தான் எல்லைக் கோட்டை வேறிடத்தில் போட வேண்டும் என்கிறேன். ஒரு நம்பிக்கையைத் தாக்கிப் பேசுவது வேறு. அந்த நம்பிக்கையுள்ள ஆளை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்வது வேறு. முதலாவதற்குப் பதில் சொல்லலாம், முகம் சுளிக்கலாம், காறித் துப்பலாம். இரண்டாவதற்குப் போலீஸ் வர வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். நபிகளையோ ராமரையோ பற்றி ஒரு வரி எழுதியவர் மேல் அதே நாளில் வழக்கு. ஒரு சமூகத்தையே பட்டினி போடச் சொன்னவருக்கு மாலை மரியாதை.

சிலோன்காரர்களுக்குத் தெரிந்தது

பெரியசோலைப் பக்கம் லயத்தில் இருக்கும் வயசாளிகளிடம் இலங்கைச் செய்தி கேட்டால் ஊர் ஊராகச் சொல்வார்கள். சொந்தபந்தம் இன்னும் அங்கே இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அந்தத் தெருப் பெயர்கள் இவர்களுக்கு அத்துப்படி. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அதே கண்டி மாவட்டத்தின் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். காரணம் அவர் போட்டிருந்த உடுப்பு. அதில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைப் புத்தரின் தர்மச் சக்கரம் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். ஒரு நாடு முழுவதும் புண்படத் தயாராகக் காத்திருந்தால் துணிக்கடை உடுப்புகூடத் தப்பாது.

அதைவிட நமக்கு நெருக்கமானது அஹ்னாப் ஜஸீமின் வழக்கு. மன்னார் சிலாவத்துறைக்காரர், புத்தளத்தில் ஆசிரியர். 2017இல் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பைப் போட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது. புத்தகம் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று குற்றச்சாட்டு. உண்மையில் அந்தக் கவிதைகளில் ஐஎஸ் கும்பலுக்கு எதிரான குரல் இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். பத்தொன்பது மாதம் உள்ளே இருந்த பிறகு 2021 டிசம்பரில் ஜாமீன். 2023 டிசம்பரில் விடுதலை. பாரூக்கைக் கொன்றவர்களுக்கு அவர் இஸ்லாத்தை மறுத்தது குற்றம். அஹ்னாப்பைப் பிடித்தவர்களுக்கு அவர் முஸ்லிமாக இருந்து எழுதியதே குற்றம். இரண்டு பேரும் தமிழில்தான் எழுதினார்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2007இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் சர்வதேச மனித உரிமை உடன்படிக்கையின் பெயரைத் தாங்கியது. மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது. அளுத்கமையில் 2014 ஜூனில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்துக்கு முன்னால் மேடையேறி முழங்கிய, பௌத்த அமைப்பான பொது பல சேனாவின் ஞானசார தேரர் அந்தச் சட்டத்தைக் கண்டு அஞ்சியதாகத் தெரியவில்லை. 2016இல் இஸ்லாத்தைப் பற்றி அவர் சொன்னதற்குத் தண்டனை வர 2024, 2025 ஆனது. பௌத்த பிக்குகளைப் பற்றிச் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமாரவை உள்ளே தள்ள அந்தச் சட்டம் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. புண்படுத்தல் சட்டம் எங்கே இருந்தாலும் பலசாலியிடம் மெதுவாகவும் தனி ஆளிடம் வேகமாகவும்தான் நடக்கிறது. அதைச் சிறுபான்மையினர் தங்களுக்குக் கவசம் என்று நம்புவது பெரிய ஏமாற்றத்தில் முடியும்.

மனம் புண்பட்டால் சட்டத்தையும் கூட்டத்தையும் தேடாமல் பதில் சொல்லும் வேறு பழக்கம் ஒன்று தமிழுக்கு இருந்தது. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயக் கணக்கரும் தன் கட்சியைச் சொல்ல, கடவுளும் மறுபிறவியும் இல்லை என்ற பூதவாதிக்கும் முறை வருகிறது. தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். அவ்வளவோடு சரி, அவன் தலை தப்புகிறது. (சமணரைக் கழுவேற்றிய கதையைச் சொன்னதும் இதே தமிழ்தான் என்பதால் பழம்பெருமையில் மிதக்கவும் வேண்டாம்.) 1854இல் கிறிஸ்தவப் பாதிரிமார் சைவத்தைக் கண்டபடி ஏசியபோது ஆறுமுக நாவலர் 'சைவதூஷண பரிகாரம்' அச்சிட்டார், புத்தகத்துக்குப் புத்தகம். முஸ்லிம்களுக்குள்ளும் பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை நடத்தி மௌலவிகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். எட்டயபுர அரசவைக் கவிஞர் கடிகைமுத்துப் புலவரின் மாணவர் உமறுப் புலவர். அவர் நபிகளின் வரலாற்றை 'சீறாப்புராண'மாகப் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு மேல் நான்மணிமாலை பாடியவர் சரவணப்பெருமாள் ஐயர். அந்தக் கால மனிதர்களுக்கு மனம் புண்படாமல் இருந்திருக்காது. புண்பட்டவர்களும் எழுதினார்கள், அவ்வளவுதான்.

தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் அந்த மரபில் வந்தவர். 'மைலாஞ்சி' தொகுப்பில் பெண்களின் குரலில் நின்று கேள்வி கேட்டார். பிறகு ஒரு கட்டுரைக்காக 2007இல் ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. ஊர்விலக்கம் என்றால் நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது. திருமணப் பதிவேடு ஜமாஅத்தின் கையில். கபர்ஸ்தான் ஜமாஅத்தின் கையில். கத்தி எடுக்காமலேயே ஒரு குடும்பத்தை உயிரோடு புதைக்கும் வசதி அது. இந்து ஊர்க்கட்டுப்பாடும் இதற்குக் குறைந்ததில்லை. வரி வாங்க மறுப்பதும் கோயில் மரியாதையை நிறுத்துவதும் சுடுகாட்டுப் பாதையை அடைப்பதும் நாம் பார்க்காததா?

ஆகவே கூடலூர் வட்டத்து அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பதிவுக்காக ஐம்பது பேர் நிலையத்து வாசலில் நின்றால், பதிவு போட்ட ஆளைக் கூப்பிட்டு மன்னிப்பு எழுதி வாங்காதீர்கள். முதலில் அவர் வீட்டுக்கு இரண்டு காவலரை அனுப்புங்கள். வழக்குக்கு இடமிருக்கிறதா என்பதைச் சட்டம் சொல்லும் 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' என்ற அளவுகோலால் பாருங்கள். வாசலில் நிற்கும் தலைகளை எண்ணி முடிவெடுக்காதீர்கள். ஒரு சமூகத்தை அடிக்கச் சொன்ன பதிவாக இருந்தால், போட்டவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் விடாதீர்கள்.

மஹல்லுப் பெரியவர்களுக்கும் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் வேறொரு விண்ணப்பம். உங்கள் பையன் ஒருவன் நாளை எதையாவது எழுதிவிட்டால் திட்டுங்கள். மேடை போட்டுப் பதில் சொல்லுங்கள். அவன் எழுதியதை வாங்காதீர்கள். ஆனால் அவன் வீட்டு நிக்காஹ்வைப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுங்கள். அவன் வீட்டில் சாவு விழுந்தால் மையத்துக்குத் தோள் கொடுங்கள், அடக்க இடம் கொடுங்கள். கோயில்காரர்கள் சுடுகாட்டுப் பாதையைத் திறந்து வையுங்கள்.